வேங்கடத்து ஆடுகளமும் ஆப்பிரிக்க ஆடுகளமும்: இசை, ஆடல், கூத்து மரபுகளைக் கற்பித்தல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்தும் அவற்றை ஒன்றாகவே போற்றியும் வந்தது தமிழ் மரபு. ஆயினும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் இயலே பெரும்பான்மை இடத்தைப் பெற்றுள்ளது. இசையும் கூத்தும் நாட்டுப்புறவியல் என்னும் ஒரு தாளுக்குள் அடங்கிவிடுகின்றன. பிறநாட்டு மரபுகளோடு ஒப்பிடுங்கால் கிரேக்க நாடகமும் ஆங்கில நாடகமும் எடுத்துக்காட்டுகளாக அமைகின்றன. ஆப்பிரிக்க மக்களின் இசை, ஆடல், நாடக மரபுகள் அரிதாகவே பேசப்படுகின்றன. அவ்வாறு பேசப்படும்போதும் 'ஆதிவாசி முழவு' என்னும் பொதுச்சொல்லோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ 2,000 மொழிகள் வழங்கும் 54 நாடுகளின் கலைகளை ஒற்றைச் சொல்லால் சுட்டுவது அறிவுலகிற்குப் பொருந்துவதன்று.

ஆப்பிரிக்க நிகழ்த்துகலைகளை நம் மாணவர்க்கு எவ்வாறு அறிமுகம் செய்யலாம் என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியினைக் களமாகக் கொண்டு அதற்கு விடை காண முற்படுகிறது. இன உறவு என்னும் வழியை விட, ஆடுகளத்தின் அமைப்பை ஒப்பிடும் வழியே பயன் மிக்கது என்பதும், அவ்வொப்பீடு நம் ஊர்க் கூத்தரையும் முழவரையும் அறிஞராக ஏற்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

களம்: வேங்கடத்தின் அடிவாரம்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகிறது. எல்லை என்பது இரு மொழிகள் பிரியுமிடம் மட்டுமன்று. அவை கூடுமிடமும் ஆகும். ஆங்கிலேயர் ஆட்சியில் சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. திருப்பதியை உள்ளடக்கிய சந்திரகிரி வட்டமும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினும் கலை எல்லைகள் அவற்றோடு மாறவில்லை.

இதற்குத் திரௌபதி வழிபாடு சான்றாகிறது. சித்தூர், புத்தூர், நகரி, குப்பம் முதலிய ஊர்ப்பகுதிகளில் தர்மராசர் கோயில்களை ஒட்டிப் பாரத விழா நடைபெறுகிறது. பகலில் பாரதக் கதை சொல்லப்படும். இரவில் கூத்து நிகழும். அருச்சுனன் தவமரம் ஏறுதல், துரியோதனன் வதை, தீமிதி ஆகியன விழாவின் உச்ச நிகழ்ச்சிகள். தமிழகத்தின் வட மாவட்டங்களில் தெருக்கூத்து எனப்படுவது இங்கு வீதி நாடகம் என வழங்குகிறது. மொழி மாறினும் களமும் சடங்கும் கதையும் ஒன்றே. ஆல்ஃப் ஹில்டெபெய்டலின் 'திரௌபதி வழிபாடு' நூலின் முதல் தொகுதி 1988இலும், ரிச்சர்டு ஃபிராஸ்காவின் 'மகாபாரத அரங்கு' 1990இலும் வெளிவந்த பின்னர், தெருக்கூத்தும் திரௌபதி வழிபாடும் உலக ஆய்வாளர் கவனத்தைப் பெற்றன.

கல்வி நிறுவனங்களுக்கும் இப்பகுதியில் குறைவில்லை. திருவேங்கடவன் பல்கலைக்கழகம் 1954இலும், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983இலும் திருப்பதியில் நிறுவப்பெற்றன. தென்னக மொழிகளின் பொதுவாய்வுக்கென 1997இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆப்பிரிக்க மரபுகளை அறிமுகம் செய்வதற்கு இத்தகைய இருமொழிக் களம் மிகவும் ஏற்றது. ஒரே கூத்து இரு மொழியில் வாழ்வதைக் கண்டு வளரும் மாணவனுக்கு, ஒரு கலையை ஒரு மொழிக்கோ ஓர் இனத்திற்கோ மட்டும் உரியதாக்குதல் இயலாது என்பது விளங்கும்.

தமிழியலாரின் ஆப்பிரிக்க நோக்கு

தமிழுலகம் ஆப்பிரிக்காவை நோக்கியது புதிய செய்தியன்று. செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரும் கவிஞருமான லெயோபோல்டு செதார் செங்கோர், கருப்பின மக்களின் பண்பாட்டு மாண்பை வலியுறுத்தும் 'நெக்ரித்யூட்' கொள்கையின் முன்னோடிகளுள் ஒருவர். 1966இல் டக்காரில் முதல் உலகக் கருப்பினக் கலைவிழாவை நடத்தியவரும் அவரே. அவர் 1974இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் நெக்ரித்யூடையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்து உரை நிகழ்த்தினார். இதனையொட்டி டக்காரில் இந்திய–ஆப்பிரிக்க ஆய்வுக்கு வழி பிறந்தது. க.ப. அறவாணன், உ.பா. உபாத்தியாயா, சுசீலா உபாத்தியாயா ஆகியோர் அங்குச் சென்று பணியாற்றினர். திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் இடையிலான சொல்லொப்புமை, வழிபாட்டொப்புமை, வழக்கொப்புமை ஆகியவற்றை அவர்கள் தொகுத்தனர்.

இம்முயற்சியின் பெருமை மறுக்கத்தக்கதன்று. ஐரோப்பாவை இடையிட்டே உலகைக் கண்டு வந்த நம் ஆய்வுலகம், முதன்முறையாக ஆப்பிரிக்காவை நேர்முகமாகக் கண்டது. அடிமைப்பட்டிருந்த இரு நிலப்பரப்பினர் ஒருவரையொருவர் உறவாக எண்ணிய அரசியல் நெகிழ்ச்சியும் அதில் இருந்தது. எனினும் அவ்வாய்வின் அடிப்படை தோற்ற உறவு பற்றியதாகவே அமைந்தது. திராவிட மொழிக்குடும்பத்தை ஆப்பிரிக்க மொழிக்குடும்பங்களோடு இணைக்கும் கருதுகோளை இன்றைய ஒப்பியல் மொழியியல் ஏற்கவில்லை. சொல் ஒப்புமைகளைக் கொண்டு உறவை நிறுவ வேண்டுமாயின் முறையான ஒலியிணைவுகள் காட்டப்பெறல் வேண்டும், அவை காட்டப்பெறவில்லை.

கருதுகோள் தளர்ந்ததும் ஆப்பிரிக்கா பற்றிய ஆர்வமும் உடன் தளர்ந்தது என்பதே வருந்தத்தக்கது. உறவினர் அல்லர் என்பதனால் ஒருவரை அறிய வேண்டாம் என்று கருதுவது ஆய்வு நெறியாகாது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்னும் ஆங்கில நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் மரபுகளோடு ஒப்பிட்டார். தமிழரும் கிரேக்கரும் ஒரு குருதியினர் என நிறுவிய பின்னர் அவர் அவ்வாறு செய்யவில்லை. பாணர் மரபு என்னும் நிகழ்த்துமுறையே அவருக்கு அடிப்படையாக அமைந்தது. ஆப்பிரிக்க ஒப்பீட்டிற்கும் அந்நெறியே உகந்தது.

கடல் கடந்த கூத்து

குருதியுறவு ஐயத்திற்குரியதாயினும் வரலாற்றுறவு ஐயத்திற்கிடமின்றி உள்ளது. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 முடிய 1,52,184 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். அவர்தம் பதிவேடுகளில் மாவட்டம், வட்டம், ஊர் ஆகியன குறிக்கப்பெற்றன. பெருமளவில் ஆட்களை அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடு முதன்மையானது. 1911க்கு முற்பட்ட வட ஆர்க்காடு என்பது சித்தூரையும் சந்திரகிரியையும் உள்ளடக்கியது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒப்பந்த முறை முடிவுற்ற ஆண்டும் சித்தூர் தனி மாவட்டமான ஆண்டும் ஒன்றே. இதனால் இன்றைய சித்தூர் ஊர்களிலிருந்து சென்றோர் பழைய மாவட்டத்தின் பெயருக்குள் மறைந்து நிற்கின்றனர்.

கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோர் தம்மோடு கூத்தையும் கொண்டு சென்றனர். நேட்டாலில் தெருக்கூத்து ஆங்கிலத்தில் 'ஆறடி ஆட்டம்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கலாயிற்று. விடிய விடிய நடைபெறும் அக்கூத்தே தோட்டத் தொழிலாளரின் பாரதமும் பள்ளியும் ஆயிற்று. திரௌபதி, மாரியம்மன் வழிபாட்டோடு இயைந்த தீமிதியும் அங்கு வேரூன்றியது. பீட்டர்மாரிட்சுபர்க் மாரியம்மன் கோயிலில் தீமிதி புனித வெள்ளியன்று நடைபெறுகிறது. தோட்ட முதலாளிகள் விடுமுறை அளித்த நாளே அம்மனுக்குரிய நாளாயிற்று. சடங்கின் காலத்தைச் சித்தூரில் பருவம் முடிவு செய்கிறது. நேட்டாலில் கூலியாளின் ஓய்வு முடிவு செய்தது. ஆப்பிரிக்க மண்ணைச் சார்ந்த ரெயூனியன் தீவிலும் நாடகம் என்னும் சொல்லின் திரிபான 'நார்ல்கோன்' என்ற பெயரில் இம்மரபு வழங்கியது.

ஆகவே ஆப்பிரிக்கக் கலை வரலாற்றின் ஓர் இயல் நம் கூத்தரால் எழுதப்பட்டது எனலாம். இதனை மறுதிசையிலும் நோக்குதல் தகும். இந்தியாவிற்கு அடிமைகளாகவும் படைவீரராகவும் வந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் சித்திகள் எனப்படுகின்றனர். குசராத்துச் சித்திகள் தம் ஆடலைக் 'கோமா' என்கின்றனர். இது கிழக்கு, நடு, தென்னாப்பிரிக்காவில் பரவலாக வழங்கும் பாந்து மொழிச் சொல்லான 'ங்கோமா' என்பதன் திரிபு. வடகன்னட மாவட்டச் சித்திகளின் 'தமாம்' முழவாடலும், இலங்கைப் புத்தளம் பகுதியில் வாழும் காப்பிரியரின் 'மாஞ்சா' பாடலும் இவ்வகையினவே. ஆப்பிரிக்கா கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை. நம் நாட்டுள்ளும் வாழ்கிறது.

பிரியாத மூன்று

மேற்சுட்டிய 'ங்கோமா' என்னும் சொல் கற்பித்தலுக்குச் சிறந்த தொடக்கமாகும். அச்சொல் முழவைக் குறிக்கும். முழவோடு கூடிய ஆடலையும் பாடலையும் குறிக்கும். அவை நிகழும் கூட்டத்தையும் குறிக்கும். இசையை மட்டும் தனித்துச் சுட்டும் சொல்லைத் தேடி ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றை ஆராய்ந்தோர் அத்தகைய சொல் கிட்டாமை கண்டு, அங்கு இசைக்கொள்கை இல்லை என எழுதியதுண்டு. தமிழ் மாணவர் அத்தவற்றினைச் செய்ய வேண்டுவதில்லை. 'கூத்து' என்னும் தமிழ்ச்சொல்லும் ஆடல், பாடல், கதை, அவை அனைத்தையும் தன்னுள் அடக்கியது. அடியார்க்கு நல்லார் நாடகத்தைக் கதையொடு கூடிய கூத்து என்றே விளக்குகிறார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர் ஒரே அரங்கின் உறுப்புகளாகப் பேசப்படுகின்றனர்.

மாதவி ஆடிய பதினோராடல்களுள் மாயவள் ஆடியதாகக் கூறப்பெறும் மரக்காலும் ஒன்று. இன்று கொக்கலிக்கட்டை ஆட்டமாக வாழும் அவ்வகையோடு மேற்கு ஆப்பிரிக்காவின் உயர்கால் ஆட்டங்களை வைத்துக் காட்டலாம். மாலி நாட்டுத் தோகோன் மக்களிடையே உயர்கால்களில் ஆடும் முகமூடியர் உளர். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. மனித உடல் மண்ணைவிட்டு உயரும்போது அது தெய்வத்தின் அல்லது முன்னோரின் உடலாகிறது என்னும் கருத்தே இரண்டிற்கும் பொது.

பேசும் முழவும் பேசாத முழவும்

ஒப்பீடு என்பது ஒற்றுமையை அடுக்குவது மட்டுமன்று; வேற்றுமையே பல இடங்களில் மிகுதியாகக் கற்பிக்கிறது. இதற்கு முழவு நல்ல எடுத்துக்காட்டு. நைசீரியாவின் யோருபா மக்களிடையே 'துந்துன்' என்னும் இடைசுருங்கு பறை உண்டு. அதன் வார்களை அக்குளில் அழுத்தி ஒலியின் ஏற்ற இறக்கத்தை மாற்றுவர். யோருபா மொழியில் மூவகைச் சுருதிகள் சொல்லின் பொருளை வேறுபடுத்துகின்றன. எனவே சுருதியை மட்டும் ஒலித்தே ஒரு வாழ்த்தையோ பழமொழியையோ முழவர் கூறிவிடுவார். கேட்போர் அதனைச் சொல்லாகவே உணர்வர். நம் உடுக்கையும் கேரளத்து இடைக்காவும் வடிவிலும் வாரழுத்தும் முறையிலும் இதனை ஒத்தவை. ஆயினும் தமிழும் தெலுங்கும் சுருதியால் பொருள் வேறுபடும் மொழிகள் அல்ல. எனவே நம் முழவு அவ்வாறு பேசுவதில்லை, சொற்கட்டாக அமைகிறது. வடிவொப்புமையால் உறவை நாடுவோர் இவ்வேற்றுமையைக் காணத் தவறுவர். மொழியின் இயல்பு கருவியின் இயல்பை எவ்வாறு வரையறுக்கிறது என்னும் அரிய பாடம் இங்கே உள்ளது.

கானாவின் ஏவே மக்களது முழவுக்குழு பிறிதொரு பாடம் தரும். 'கங்கோகுயி' என்னும் இரட்டை மணி மாறாத சுழற்சியொன்றை ஒலித்துக்கொண்டேயிருக்கும். 'காகன்', 'கிதி', 'சோகோ' ஆகிய முழவுகள் தத்தம் அடைவுகளை அதன்மேல் இழைக்கும். 'அத்சிமேவு' என்னும் பெருமுழவு ஆடுவோரை நடத்தும். தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றும் எளியது. கூடியபோதே கலை பிறக்கிறது. கூத்துக்களத்தில் தாளமும் மத்தளமும் முகவீணையும் கூத்தன் காற்சலங்கையும் ஒன்றையொன்று தாங்கும் முறையை இதனோடு மாணவர் ஒப்பிடலாம். கேட்டறிவதைக் காட்டிலும் கையால் தட்டிப் பார்ப்பதே இங்குச் சிறந்த கல்வி.

முழவரின் சமூக நிலையும் பேசப்பட வேண்டியதாகும். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்போரைச் சிறந்த குடிகளாகப் புறநானூற்றுப் பாடலொன்று சுட்டுகிறது. பிற்காலத்தில் முழவு தொட்டவர் தீண்டத்தகாதவராக்கப்பட்டனர். மேற்கு ஆப்பிரிக்காவில் 'கிரியோ' எனவும் மாண்டே மொழியில் 'சேலி' எனவும் அழைக்கப்பெறும் மரபுவழிப் பாடகர் அரசரின் வரலாற்றைக் காத்தவர். அவர் நாவிற்கு அரசரும் அஞ்சினர். ஆயினும் செனகலின் சில பகுதிகளில் அவர் உடலை நிலத்தில் புதைக்காது பாவோபாப் மரப்பொந்தில் இடும் வழக்கம் இருந்தது. மண் தீட்டுப்படும் என்னும் அச்சமே காரணம். கலையை வேண்டுவோர் கலைஞனை விலக்குவது எந்த ஒரு நிலத்திற்கும் தனியுரிமையன்று.

கங்கையம்மன் சாத்திரையும் கெலெதேயும்

திருப்பதி தாத்தய்யகுண்டாவில் ஆண்டுதோறும் மே மாத அளவில் நடைபெறும் கங்கையம்மன் சாத்திரை, ஆப்பிரிக்க வேட மரபுகளை அறிமுகம் செய்தற்கு மிகப் பொருத்தமானது. பெண்களுக்குத் தீங்கிழைத்த பாளையக்காரன் ஒருவனை அழிக்கக் கங்கையம்மன் தோன்றினாள் எனவும், ஒளிந்துகொண்ட அவனைத் தேடிப் பல வேடங்கள் பூண்டாள் எனவும் கதை வழங்குகிறது. பைராகி, பண்டன், தோட்டி, துரை, மாதங்கி, சுண்ணாம்புக் குடம் முதலாய வேடங்கள் விழா நாட்களில் முறையே புனையப்பெறும். துரை வேடத்தில் வந்தபோதே பாளையக்காரன் வெளிப்பட்டுத் தலையிழக்கிறான். பின்னர் மாதங்கியாக வந்து அவன் மனைவியைத் தேற்றுகிறாள். வென்றவளே கைம்பெண்ணைத் தேற்றுவது இக்கதையின் தனிச்சிறப்பாகும்.

அம்மனின் வேடங்களைக் கைகால குடும்பத்து ஆடவர் ஏற்கின்றனர். அவரேயன்றி, நேர்த்திக்கடனாக எண்ணற்ற ஆடவரும் சேலையுடுத்திப் பூச்சூடி வருகின்றனர். விழாவின் இறுதியில் அம்மனின் பேருருவ மண்முகம் அமைக்கப்பெற்றுப் பின்னர்க் கலைக்கப்படுகிறது. திருமலை வேங்கடவனின் தங்கையாகக் கருதப்படும் இவ்வம்மனுக்கு மலையிலிருந்து மஞ்சளும் குங்குமமும் சீராக வருகின்றன. சாய்ஸ் ஃபுளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூல் இவ்விழாவை விரிவாக ஆராய்கிறது. சாத்திரை நாட்களில் உலகமே பெண்மையாகிறது என்பதும், ஆடவர் வேடம் புனைந்தே அவ்வாற்றலை அணுக வேண்டும் என்பதும், பெண்டிர்க்கு அவ்வேடம் வேண்டுவதில்லை என்பதும் அவர் கருத்தின் சாரம்.

இதனோடு யோருபா மக்களின் 'கெலெதே' மரபை வைத்து நோக்கலாம். நைசீரியா, பெனின், டோகோ ஆகிய நாடுகளில் வாழும் யோருபா–நாகோ மக்கள், 'நம் அன்னையர்' எனப்படும் முதுபெண்டிரின் ஆற்றலைப் போற்ற இதனை நிகழ்த்துகின்றனர். ஆடுவோர் ஆடவர். தலைமேல் மரத்தாற் செதுக்கிய முகத்தை அணிந்து, பெண்ணுடை புனைந்து, மார்பும் இடையும் பெருக்கிக் காட்டி ஆடுவர். முதல் இரவில் 'எஃபே' என்னும் பாடகர் ஊரின் குற்றங்களை எள்ளிப் பாடுவார். மறுநாள் முழவின் சொல்லுக்கேற்ப இணையிணையாக ஆடல் நிகழும். யுனெசுகோ நிறுவனம் 2001இல் இதனை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. என்றி துரூவலும் மார்கரெட் துரூவலும் 1983இல் வெளியிட்ட நூல் இதனைப் பெண்ணாற்றல் என்னும் கோணத்தில் விளக்குகிறது.

இவ்விரண்டும் காட்டும் ஒப்புமை வியப்பிற்குரியது. ஆடவரே வேடம் புனைகின்றனர், போற்றப்படுவதோ பெண்ணாற்றல். சாத்திரையில் வசைமொழியும் கெலெதேயில் எள்ளற்பாட்டும் இடம்பெறுகின்றன. எனினும் வேற்றுமை ஆழமானது. கங்கையம்மன் ஒரு கதைத்தலைவி. அவள் வேடங்கள் கதையின் படிகள். கெலெதேயின் அன்னையர் ஊரில் வாழும் முதுபெண்டிரை உள்ளடக்கியோர். அவரை மகிழ்வித்து ஊருக்கு நலம் வேண்டுவதே நோக்கம். ஒன்றில் பெண்ணாற்றல் கொடியவனை அழிக்கிறது. மற்றொன்றில் அவ்வாற்றலின் சினம் தணிவிக்கப்படுகிறது. பகைவனின் நகரில் காமன் பேடியுருவில் ஆடிய பேடியாடலைச் சிலப்பதிகாரத்திற் பயிலும் மாணவர், உருமாறி ஆடுதல் என்னும் கூத்துக்கூறு எத்துணைப் பொருள்களைத் தாங்கவல்லது என்பதை இம்மூன்றையும் கொண்டு உணரலாம்.

காப்பியமும் அரங்கும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் கதையைச் சேலிகள் இன்றும் பாடுகின்றனர். 21 நரம்புகளையுடைய 'கோரா' யாழும், மரக்கட்டைகளாலான 'பாலாஃபோன்' கருவியும் துணையாகின்றன. கினியா நாட்டு வரலாற்றறிஞர் சிபிரில் தம்சிர் நியான், ஒரு சேலியின் வாய்மொழியைக் கேட்டு 1960இல் நூலாக்கினார். நடக்கவியலாச் சிறுவனாக இருந்து அரசனான தலைவன் கதை அது. பாரத விழாவிற் பகற்பொழுதில் கதை சொல்வோர் வில்லிபாரதத்தையோ தெலுங்குப் பாரதத்தையோ தழுவியும் மீறியும் பாடுவதை இதனோடு எண்ணிப் பார்த்தல் தகும். பாரதம் ஏட்டுக்கும் வாய்மொழிக்கும் இடையே இயங்குகிறது. சுந்தியாத்தா நெடுங்காலம் வாய்மொழியிலேயே இயங்கியது.

இக்கால ஆப்பிரிக்க நாடகம் இம்மரபுகளினின்று கிளைத்தது. நைசீரியாவில் ஊபர்ட் ஓகுண்டே 1940களில் ஊர்தோறும் சென்று நடிக்கும் யோருபா நாடகக் குழுவை அமைத்தார். அவர் நாடகங்கள் ஆடல்பாடலோடு தொடங்கி ஆடல்பாடலோடு முடிவன. கட்டியங்காரன் வரவை அறிந்த நம் மாணவர்க்கு அது அயலானதன்று. 1964இல் அவர் நடித்த 'யோருபா ரோனு' நாடகம் மேற்கு மண்டல அரசால் தடை செய்யப்பட்டது. கானாவில் எஃபுவா சதர்லாந்து, அனான்சே என்னும் சிலந்தியைப் பற்றிய கதைசொல்லல் மரபை அரங்கிற்கு மாற்றினார். வோலே சோயிங்கா 1986இல் நோபல் பரிசு பெற்றார்.

கென்யாவின் கமிரீத்து நிகழ்ச்சி தனியே நோக்கத்தக்கது. 1977இல் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் அவ்வூர் உழவர், தொழிலாளரோடு இணைந்து கிக்குயு மொழியில் நாடகமொன்றை உருவாக்கினர். ஊர்மக்களே திறந்தவெளி அரங்கைக் கட்டினர்; உரையாடலைத் திருத்தினர்; பழைய பாடல்களையும் ஆடல்களையும் சேர்த்தனர். சில வாரங்களில் அரசு அதனைத் தடை செய்தது. கூகி வா தியாங்கோ ஓராண்டு சிறைப்பட்டார். 1982இல் அரங்கமே இடிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதியபோது சிறைப்படாத எழுத்தாளர், தாய்மொழியில் மக்களோடு ஆடியபோது சிறைப்பட்டார் என்பது தாய்மொழிக் கல்வி பேசுவோர் அனைவரும் சிந்திக்கத்தக்கது.

கற்பித்தல்: கானா காட்டும் வழி

ஆப்பிரிக்கரே தம் கலைகளைப் பல்கலைக்கழகத்திற்குள் எவ்வாறு கொணர்ந்தனர் என்பது நமக்குப் பாடமாகும். கானா விடுதலை பெற்ற பின்னர் லெகோன் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம் அமைந்தது. அடுத்த ஆண்டில் இசை, ஆடல், நாடகத்திற்கான பள்ளி தொடங்கப்பெற்றது. மூன்றையும் ஒருங்கே கற்பித்தமை குறிப்பிடத்தக்கது. இதனை வழிநடத்திய குவாபெனா இன்கெத்தியா, 1974இல் 'ஆப்பிரிக்க இசை' என்னும் நூலை வெளியிட்டார். சமூக வாழ்விலிருந்து தொடங்கிக் கருவிகளுக்கும் அமைப்பிற்கும் செல்வது அந்நூலின் முறை. எழுத்தறிவைக் கருதாது ஊர் முழவரையும் ஆடுநரையும் பயிற்றுநராக அந்நிறுவனம் அமர்த்தியது. பட்டம் பெற்ற பேராசிரியரும் பட்டம் பெறாத முழவாசானும் ஒரே மாணவர்க்கு ஆசிரியராயினர்.

இந்நெறியைப் பின்பற்றித் திருப்பதி, சித்தூர்ப் பகுதியில் அமையத்தக்க பாடத்திட்டத்தை நான்கு படிகளாக வகுக்கலாம். முதற்படியில் மாணவர் தம் ஊர்ப் பாரத விழாவையோ கங்கையம்மன் சாத்திரையையோ நேரிற் கண்டு, ஆடுவோர் யார், எவர்க்காக ஆடுகின்றனர், எவர்க்கு ஆட உரிமையில்லை, எவர் பொருள் தருகின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். இரண்டாம் படியில் அதே வினாக்களைக் கெலெதே, ஏவே முழவு, சுந்தியாத்தா பாடல் ஆகிய குறிப்பிட்ட மரபுகளிடம் எழுப்ப வேண்டும். 'ஆப்பிரிக்க ஆடல்' என்னும் பொதுத்தலைப்பிற்கு மாற்றாக மக்கள், மொழி, நாடு ஆகியவற்றின் பெயர்கள் வழங்கப்பெறல் வேண்டும். மூன்றாம் படியில் நேட்டால் கூத்தும் சித்தியர் கோமாவும் வழியாக இரு நிலங்களின் வரலாற்றுத் தொடர்பு கற்பிக்கப்பெறும். நான்காம் படி செய்முறை; முழவாசான் ஒருவரிடமும் கூத்தாசான் ஒருவரிடமும் மாணவர் பயில வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இயூ திரேசி 1954இல் நிறுவிய ஆப்பிரிக்க இசை நூலகத்தின் ஒலிப்பதிவுகள் இத்தகைய கல்விக்குத் துணையாகும்.

நான்காம் படியே கடினமானது. நம் ஆய்வேடுகளில் கூத்தர் தகவலாளராகவே இடம்பெறுகின்றார்; ஆசிரியராக அமைவது அரிது. அவரிடமிருந்து பெற்ற அறிவிற்குப் பட்டம் பெறுவோர் நாம். அவ்வறிவைக் காத்தவரோ விழாக்காலம் கடந்ததும் கூலிவேலைக்குச் செல்கின்றார். தொலைவிலுள்ள சேலியைக் கலைஞனென வகுப்பறையிற் போற்றி, வாயிலில் நிற்கும் பம்பைக்காரரைக் கண்டுகொள்ளாத கல்வி, மாணவர்க்கு உலகறிவைத் தருவதாகத் தோன்றினும் உண்மையில் பழைய விலக்கையே புதிய சொற்களாற் கற்பிக்கிறது.

முடிவுரை

1970களில் தொடங்கிய தமிழ்–ஆப்பிரிக்க ஒப்பாய்வு, தோற்ற உறவு என்னும் கருதுகோளைச் சார்ந்து எழுந்து அதனோடு தளர்ந்தது. ஆடுகளத்தை அடிப்படையாகக் கொண்டால் அவ்வாய்வு மீண்டும் வலுப்பெறும் என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். 'கூத்து' என்னும் சொல் 'ங்கோமா'வை விளக்குகிறது. கங்கையம்மன் வேடங்கள் கெலெதேயை விளக்குகின்றன. துந்துன் முழவின் பேச்சு நம் சொற்கட்டின் தனித்தன்மையை விளக்குகிறது. வட ஆர்க்காட்டுக் கூலியாளர் நேட்டாலுக்குச் சுமந்து சென்ற பாரதம் இவ்வொப்பீட்டை வரலாற்றின்மேல் நிறுத்துகிறது.

ஒற்றுமை காணும்போது உறவென்று விரையாமலும், வேற்றுமை காணும்போது அயலென்று விலக்காமலும் கற்கும் பயிற்சியே இப்பாடத்தின் பயனாகும். வடவெல்லை எனப் புலவர் சுட்டிய வேங்கடத்தின் அடிவாரத்தில், இரு மொழியிலும் ஒரே கூத்தைக் கண்டு வளர்ந்த மாணவர்கள் இதற்கு முன்னரே ஆயத்தமாக உள்ளனர். அவர்தம் ஊர்க் கூத்தரை ஆசிரியராக ஏற்றுப் பாடத்தைத் தொடங்குதல் துறைகளின் கடன்.